மீனை எண்ணுவதும் ஒரு வேலையா?

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு நான் மீனைப் பற்றி எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் ஊரில் கோயில் உண்டு, தறி உண்டு, ஏரி உண்டு, கடல் கிடையாது. 2019ஆம் ஆண்டில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, எங்கள் மாவட்டத்துக்கு இருந்த கடற்கரையும் அதனுடன் போய்விட்டது. பாலாறு வயலூர் அருகே கடலில் கலக்கிறது என்று பூகோளப் பாடத்தில் படிக்கிறோம். ஆனால் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் நாங்கள் பார்ப்பது அதன் மணலைத்தான். போதாக்குறைக்கு, நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன்.

இருந்தும் எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை நேரத்தில், தெரிந்த நெசவாளர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகள் எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். துணைப்பாடமான இயற்பியலை என்னிடம் படித்தாள். பிறகு வெளியூரில் கடல் உயிரியலில் மேற்பட்டம் பெற்று வந்திருந்தாள். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் மீன்களைக் கணக்கெடுக்கும் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேரப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். தகப்பனார் என்னிடம் கேட்டார்: "சார், நீங்க சொன்னா அவ கேப்பா. மீனை எண்ணுறதுக்கா இத்தனை படிப்பு?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கும் அதே எண்ணம்தான். பி.எட். படித்தால் ஒரு பள்ளிக்கூட வேலைக்காவது வழியுண்டு என்று அவளுக்குச் சொல்லியனுப்பினேன். அவள் கேட்கவில்லை. நல்லவேளை!

எங்கள் துறையில் ஒரு பழைய கேலி உண்டு: இயற்பியல் ஒன்றே விஞ்ஞானம், மற்றதெல்லாம் தபால்தலை சேகரிப்பது போல என்று. ரூதர்ஃபோர்டு சொன்னதாகச் சொல்வார்கள். அப்படிச் சொன்னதாகக் கருதப்படுபவருக்கு 1908இல் கிடைத்த நோபல் பரிசு வேதியியலுக்கானது என்பது தனி வேடிக்கை. இந்தக் கேலியை நானும் வகுப்பில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிச்சாவரத்துக்குப் போய் வந்த பிறகு சொல்வதில்லை.

அவள் வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, தை மாதத்தில் ஒரு விடுமுறை நாளன்று, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். சிதம்பரத்திலிருந்து கிழக்கே, கிள்ளையைத் தாண்டினால் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேருமிடங்களுக்கு இடையே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில், வாய்க்கால்களும் சிறு தீவுகளுமாகக் கிடக்கிறது அந்தக் காடு. 2022இல் இது ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுரபுன்னை மரங்கள் ஊன்றுகால் போன்ற வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டல் மரத்தைச் சுற்றிப் பென்சிலை நட்டு வைத்ததுபோல் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தில்லை மரமும் இங்கே உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது இந்த மரம்தான். எங்கள் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மாமரம் எப்படியோ அப்படி நடராசர் கோயிலுக்கு இது தலமரம். ஆனால் கிளையை ஒடித்துவிடாதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதைப் படகில் ஏறுவதற்கு முன்பே அவள் எனக்கு எச்சரித்துவிட்டாள். ஆசிரியரும் மாணவியும் அன்று இடம் மாறிக்கொண்டோம்.

காலை நான்கரை மணிக்குப் படகு. ஏன் இந்த வேளை என்று கேட்டேன். "ஏற்றம் இப்போதான் சார் ஆரம்பிக்குது" என்றாள். கடலின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று நான்கரைக்கு வந்தது நாளை ஐந்தே காலுக்கு மேல்தான் வரும். அலுவலகக் கடிகாரம் இந்த வேலைக்கு உதவாது. சந்திரன்தான் கால அட்டவணை போடுகிறான். ஏற்றவற்றத்தைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் நான். அந்த ஐம்பது நிமிடத்துக்காக யாரோ ஒருவர் தினமும் கண்விழிக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வாய்க்காலில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் படகு நின்றது. முதலில் மீன் அல்ல, தண்ணீர். ஒரு சொட்டு நீரை ஒளிவிலகல் மானியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்து உப்பளவை எழுதினாள். நன்னீரின் ஒளிவிலகல் எண் 1.333, கடல்நீரினுடையது ஏறத்தாழ 1.339. மூன்றாம் தசமத்தில் இருக்கும் இந்தச் சிறு வேறுபாட்டில்தான் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு அடங்கியிருக்கிறது. பொழுது விடிந்ததும் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தாள். நீரின் கலங்கலை அளக்க 1865இல் இத்தாலிய வானியலாளர் சேக்கி பயன்படுத்திய அதே முறைதான். அடுத்து, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கடல்நீர் சுமார் 6.2 மில்லிகிராம்தான். இரவெல்லாம் தாவரங்களும் உயிரினங்களும் அதைச் சுவாசித்துத் தீர்த்துவிடுவதால் விடியற்காலையில் மிகவும் குறைந்திருக்கும். மீனுக்குச் சோதனையான நேரம் அதுவே. அளக்க வேண்டிய நேரமும் அதுவே!

பிறகு வலை. முதலில் படகோட்டி வீச்சு வலையை வீசினார். மடவை, கிழங்கான், கெளுத்தி, இறால் என்று வந்தவற்றை ஒவ்வொன்றாக அளவுப் பலகையில் கிடத்தி, நீளத்தைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். உயிருடன் இருந்தவற்றைத் திரும்ப விட்டார்கள். இன்னோர் இடத்தில் மூன்று முறை வீசியும் ஒன்றும் வரவில்லை. அதையும் எழுதினாள்: மூன்று வீச்சு, சுழியம். "ஒன்றும் கிடைக்காததை எதற்கு எழுதுகிறாய்?" என்று கேட்டுவிட்டு, உடனே வெட்கப்பட்டேன். சோதனைச்சாலையில் சுழியம் வந்த அளவீட்டை அடித்துவிட்டு வேறு எழுதும் மாணவனை நான் எத்தனை முறை கடிந்திருக்கிறேன்!

இங்கே ஆர்தர் எடிங்டனின் நினைவு வந்தது. நட்சத்திரங்களின் உள்ளமைப்பை ஆராய்ந்த அந்த ஆங்கிலேய விஞ்ஞானி, 1939இல் வெளிவந்த தம் நூலொன்றில் ஒரு மீன் ஆராய்ச்சியாளரைக் கற்பனை செய்கிறார். அந்த மனிதர் இரண்டு அங்குலக் கண்ணியுள்ள வலையால் கடலை அலசுகிறார். முடிவில், இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த உயிரினம் கடலிலேயே இல்லை என்று அறிவித்துவிடுகிறார். கருவி எதைப் பிடிக்குமோ அதையே உலகம் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காக எடிங்டன் சொன்ன கதை இது. நானும் இதை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். பிச்சாவரத்தில் அது கதை அல்ல. வீச்சு வலையில் சிக்கியவற்றை மட்டும் எண்ணிவிட்டு வந்தால், அந்தக் காட்டின் முக்கியமான செய்தியையே தவறவிட்டிருப்போம். ஏனென்றால் அது வளர்ந்த மீன்களின் ஊர் என்பதைவிட, குஞ்சுகளின் பள்ளிக்கூடம்.

மடவை கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளரும். வெள்ளை இறாலும் அப்படியே. கொடுவா முகத்துவாரத்தை ஒட்டிய உப்பு நீரில் இனம் பெருக்க, குஞ்சு காயலுக்குள் நுழைந்து வளர்கிறது. கொடுவாவுக்கு இன்னொரு விசித்திரம் உண்டு: அது முதலில் ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். வேர்களின் சந்துகளில் பெரிய மீன் புக முடியாது. அழுகும் இலைகளால் உணவுக்குக் குறைவில்லை. நாம் சந்தையில் வாங்கும் கடல் மீன்களில் பல, சில மில்லிமீட்டர் நீளத்தில் இருந்தபோது இத்தகைய ஒரு காட்டின் நிழலில் இருந்தவை. மரம் போனால் பல கிலோமீட்டருக்கு அப்பால் கடலில் வலை வீசுகிறவருடைய வருமானமும் குறையும் என்ற வாதத்துக்கு அடிப்படை இதுதான். ஆனால் வாதம் வேறு, கணக்கு வேறு. எத்தனை குஞ்சு, எந்த மாதம், எந்த வாய்க்கால் என்று சொல்ல யாராவது எண்ணியிருக்க வேண்டும்.

எண்ணியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. பிச்சாவரத்து மீன்களின் இளம்பருவ வாழ்க்கையைப் பற்றி கே. கிருஷ்ணமூர்த்தியும் எம். ஜே. பிரின்ஸ் ஜெயசீலனும் 1981இல் வெளியிட்ட கட்டுரை, வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் எடுத்தாளும் ஒன்று. 1998இல் யுனெஸ்கோ நிறுவனம், ஆசியாவின் சதுப்புநிலக் காட்டு நீர்களில் காணப்படும் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் இனங்காண ஜெயசீலன் எழுதிய கையேட்டை வெளியிட்டது. அவள் மேசையில் அதன் நகல் ஒன்று ஈரம் பட்டுச் சுருண்டு கிடந்தது. மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணாடி போன்ற ஒரு குஞ்சைப் பார்த்து, இது மடவையா கிழங்கானா என்று சொல்வது லேசான காரியமா? நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உடலின் தசைத் துண்டுகளை எண்ண வேண்டும். கரும்புள்ளிகள் எங்கெங்கே உள்ளன என்று பார்க்க வேண்டும். நான் அரைமணி நேரம் முயன்று, ஒரு சிறு இறாலை மீன் என்று சொல்லி முடித்தேன்.

இந்தக் குஞ்சுகளைப் பிடிக்கும் வலையைப் பற்றித்தான் காஞ்சிபுரத்துக்காரனான நான் மிகவும் வியந்தேன். வாயில் ஒரு வளையம், கூம்பான துணி, நுனியில் ஒரு குப்பி. வளையத்தின் நடுவே சிறு சுழலி ஒன்று சுற்றிச் சுற்றி, எவ்வளவு தண்ணீர் உள்ளே சென்றது என்பதைக் காட்டும். இன்று இந்தத் துணி நைலான். முன்பு அது பட்டு! ஐரோப்பாவில் மாவு சலிப்பதற்காக நெய்யப்பட்ட பட்டுத் துணியைத்தான் மிதவை உயிர்களைப் பிடிக்கப் பயன்படுத்தினார்கள். பிளாங்டன் என்ற சொல்லை 1887இல் உருவாக்கிய ஜெர்மானியர் விக்டர் ஹென்சனும் இத்தகைய பட்டு வலையையே கடலில் இறக்கினார்.

ஊர் திரும்பியதும் தகப்பனாரிடம் இதைச் சொன்னேன். அவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். மகள் அனுபவிக்கும் வெயிலையும் சேற்றையும் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டவர், பட்டு என்றதும் நாடாவை நிறுத்தினார். "அவ்வளவு இடைவெளி விட்டு நெய்தா இழை நகர்ந்துடுமே சார், கண்ணி ஒரே அளவா எப்படி நிக்கும்?" என்று கேட்டார். பாவின் இழைகளை இரண்டிரண்டாக ஊடையைச் சுற்றி முறுக்கிவிட்டால் நகராது என்று படித்ததைச் சொன்னேன். விரலில் இரண்டு இழைகளை எடுத்து முறுக்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் எத்தனையோ சொல்லியும் விளங்காத மகளுடைய வேலையின் கஷ்டம், அந்த ஒரு கண்ணியில் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணி மாறினால் கணக்கு மாறும் என்பதை ஒரு நெசவாளருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பட்டு இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த மிதவை உயிர்ப் பதிவுக் கருவியை, 1931 முதல் சரக்குக் கப்பல்கள் வட கடலிலும் அட்லாண்டிக்கிலும் இழுத்துச் செல்கின்றன. உலகப் போர்க்காலத்தில் தடைப்பட்டது. மற்றபடி இன்றும் நடக்கிறது. அதனுள் சுருளாக நகர்வது 270 மைக்ரான் கண்ணியுள்ள பட்டுத் துணி. நைலான் வந்து எத்தனையோ காலம் ஆகியும் ஏன் பட்டு? துணியை மாற்றினால் 1950ஆம் ஆண்டின் எண்ணிக்கையோடு இன்றைய எண்ணிக்கையை ஒப்பிட முடியாதே! தொண்ணூறு ஆண்டுகளாக ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வடகடல் சூடேறுவதால் மிதவை உயிர்கள் வடக்கே நகர்ந்திருக்கின்றன என்று இன்று சொல்ல முடிவது இதனால்தான்.

எண்ணுவது அறிவுக்குக் குறைவான வேலை என்று இன்னமும் நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1909இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் இருபது வயது மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் மின்னும் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஏறத்தாழ 8,000 ஆல்ஃபா துகள்களுக்கு ஒன்று வந்த வழியே திரும்பியது. அந்த ஒன்றிலிருந்துதான் அணுவின் உட்கரு பிறந்தது. எண்ணிக்கையின் கணிதமும் இரண்டு இடத்திலும் ஒன்றே. தற்செயலாக வரும் 25 பொருள்களை எண்ணினால், அதன் வர்க்கமூலமான 5 அளவுக்கு அது ஏறியும் இறங்கியும் இருக்கலாம். அதாவது 20 சதவிகிதம் ஐயம். 400 எண்ணினால் ஐயம் 5 சதவிகிதம். மீன் குஞ்சுகளோ கூட்டமாகத் திரிபவை. ஆகவே உண்மையான ஐயம் இதைவிடப் பெரிது. ஒரு குப்பியை வைத்துக்கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. பல குப்பிகள், பல மாதங்கள், பல ஆண்டுகள் வேண்டும்.

சங்கடம் இந்த இடத்தில்தான். அவள் சேர்ந்த திட்டம் மூன்றாண்டுத் திட்டம். 36 மாதம் எண்ணினாள்; பணம் தீர்ந்தது; திட்டம் முடிந்தது. எந்த நிறுவனம் என்பது முக்கியமல்ல. பல இடங்களில் இதுதான் வழக்கம். பிச்சாவரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு வெகுவாக இறங்கும். சித்திரை, வைகாசியில் கடலளவுக்கு ஏறும். மூன்றாண்டு என்றால் மூன்றே மழைக்காலம். அதில் ஒன்று பொய்த்துவிட்டால்? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது; 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியது. அவற்றுக்குப் பின் குஞ்சுகள் குறைந்தனவா என்று கேட்டால், பதில் அதற்கு முன்பு எண்ணி வைத்த தாள்களில்தான் இருக்கும். புயல் வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரிந்து யாரும் மூன்றாண்டுத் திட்டம் போட முடியாது.

வானிலைத் துறையைப் பாருங்கள். 1875இல் தொடங்கிய அந்தத் துறையின் மழைமானிகளில் தினமும் காலை எட்டரை மணிக்கு அளவு எடுக்கிறார்கள். மழை பெய்யாத நாளிலும் எடுக்கிறார்கள். திட்டம் முடிந்துவிட்டது, இனி மழையை அளக்க வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? 1947இல் நிறுவப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கரைக்கு வந்திறங்கும் மீனின் கணக்கைத் தொடர்ந்து எடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் அது பிடிபட்டு வந்த மீனின் கணக்கு; வேர்களுக்கிடையே இருக்கும் குஞ்சின் கணக்கு வேறு. அந்தக் கணக்கும் மழையளவு போல் நிரந்தர வேலையாக வேண்டும், அதற்கு நிரந்தரச் சம்பளம் வேண்டும் என்பது என் கருத்து. பெரிய தொகை ஒன்றும் தேவைப்படாது. ஒரு படகு, இரண்டு வலை, ஒரு நுண்ணோக்கி, இரண்டு ஆட்கள். கடலோரக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிடம் இதை ஒப்படைத்தால், மாணவர்கள் மாறினாலும் தாள் மாறாது. இருளர் குடும்பங்கள் பிச்சாவரத்து வாய்க்கால்களில் கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்கள். எந்த வாய்க்காலில் எந்த மாதம் என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களில் படித்த பிள்ளைகளை இந்த வேலையில் முதலில் சேர்க்க வேண்டும் என்பேன்.

உங்களில் யாருக்காவது இந்த வேலையில் ஆசை வந்தால், நான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. வெயில், சேறு, கொசு, சிப்பி கிழித்த கால், இரவில் படகு, கையில் ஃபார்மலின் நாற்றம் எல்லாம் உண்டு. இன்றைய நிலையில் வேலை நிரந்தரமும் இல்லை. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். விலங்கியலோடு கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். புள்ளியியல் தெரியாமல் எண்ணியவர்கள் வீணாக எண்ணியிருக்கிறார்கள். வீட்டில் ஆட்சேபம் வரும். என்னைப் போன்ற ஆசிரியர்களும் குறுக்கே நிற்போம்.

அவள் இப்போது முத்துப்பேட்டைக் காட்டில், நண்டுகளைப் பற்றிய இன்னொரு திட்டத்தில் இருக்கிறாள். அது இரண்டாண்டுத் திட்டம். பி.எட். படித்திருந்தால் இந்நேரம் பள்ளி ஆசிரியையாக ஊரோடு இருந்திருப்பாளே என்று தகப்பனார் எப்போதாவது சொல்வார். நான் மறுத்துப் பேசுவதில்லை. திட்டம் முடிந்த பிறகும் இரண்டு மாதம் சொந்தச் செலவில் பிச்சாவரத்துக்குப் போய் எண்ணிவிட்டு வந்தாள். மூன்றாம் மாதம் படகு வாடகைக்கு வழியில்லை. அந்த 38 மாதத் தாள்களின் நகல் ஒரு கட்டாக என் அலமாரியில் இருக்கிறது. அதே இடத்தில் மறுபடியும் யாராவது வலை போட வந்தால் கொடுப்பதற்காக வைத்திருக்கிறேன். எந்த வாய்க்கால், ஏற்றமா வற்றமா, வலையின் கண்ணி எத்தனை மைக்ரான் என்பதெல்லாம் முதல் தாளிலேயே எழுதியிருக்கிறாள்.